வைஃபை வாங்கும் முன் சுவரை அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குமரி மாவட்டத்தில் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் கூட்டுறவு நிறுவனங்களும் தங்கள் வளாகம் முழுவதற்கும் வைஃபை அமைக்க வெளியிடும் டெண்டர் அறிவிப்புகளை, இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் தவறாமல் படித்து வருகிறேன். இத்தனை ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னலைப் பரப்பும் கருவி), இத்தனை ஸ்விட்ச் (கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி), இத்தனை மீட்டர் கேபிள், மூன்றாண்டு வாரன்டி, மிகக் குறைந்த விலை கொடுப்பவருக்கு வேலை என்பதோடு பெரும்பாலானவை முடிந்துவிடுகின்றன. ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், கட்டடத்தின் சுவர் எதனால் ஆனது, மாட்டிய பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விகளுக்கு அவற்றில் இடமே இருப்பதில்லை. பல லட்சம் ரூபாய் செலவழித்த வளாகத்தில், மாணவர்களும் ஊழியர்களும் தங்கள் சொந்த மொபைல் டேட்டாவைப் போட்டு வேலை பார்ப்பதற்கு முதல் காரணம், இந்த டெண்டர் எழுதப்படும் விதமே என்பது என் கருத்து.

சுவரிலிருந்து தொடங்குகிறேன். நாகர்கோவிலிலும் தக்கலையிலும் பழைய கட்டடங்கள் பல கருங்கல்லால் ஆனவை. குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் போனால் வெட்டுக்கல் சுவர்கள். ஜிப்சம் பலகையால் தடுத்த ஒரு சென்னை அலுவலகத்துக்குப் போட்ட கணக்கு இங்கே பொருந்தாது. ‘ஒரு கருவி இத்தனை ஆயிரம் சதுர அடிக்குப் போதும்’ என்று கொட்டேஷனில் எழுதித் தருவது திறந்தவெளிக்கான கணக்கு. அண்மையில் நான் அளந்த ஒரு கல்லூரிக் கட்டடத்தில், வராந்தாவின் நடுவே மாட்டிய ஆக்சஸ் பாயின்டுக்கு நேர் கீழே நின்றபோது சிக்னல் மைனஸ் 45 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) காட்டியது; பக்கத்து வகுப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கடைசி பெஞ்சில் லேப்டாப்பை வைத்தால் மைனஸ் 78. இந்த அளவீட்டில் ஒவ்வொரு 10 குறைவும் சக்தி பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவதைக் குறிக்கிறது என்பதால், ஒரு சுவரையும் ஒரு கதவையும் கடந்ததில் வந்து சேர்ந்தது ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. வீடியோ அழைப்பு தடையின்றி நடக்க மைனஸ் 67 அளவாவது வேண்டும் என்பதைத்தான் இத்தொழிலில் பொதுவான கணக்காக வைத்துக்கொள்கிறோம். வராந்தாவில் நடந்துபோகிறவர்களுக்கு அருமையான சிக்னலையும், வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்றுமில்லாத நிலையையும் கொடுத்த அந்த அமைப்பு, கேபிள் இழுப்பது சுலபம் என்ற ஒரே காரணத்தால் அப்படி அமைந்தது.

இப்படி நேர்ந்தால், கருவியின் சக்தியைக் கூட்டி வைக்கச் சொல்வதே நிர்வாகத்தின் முதல் யோசனையாக இருக்கும். கொடை விழாவில் கட்டிய ஒலிபெருக்கி தெருக்கோடி வரை கேட்கும். தெருக்கோடியில் நிற்பவர் பதில் சொன்னால் மேடைக்கு எட்டாது. கைப்பேசியின் நிலையும் அதுதான். அதன் ஒலிபரப்புச் சக்தி குறைவு. நிறுவனக் கருவியின் சிக்னல் திரையில் நான்கு கோடுகளாகத் தெரிந்தாலும், கைப்பேசி அனுப்புவது திரும்பிப் போய்ச் சேராது. போதாததற்கு, சக்தியைக் கூட்டிய கருவிகள் ஒன்றன் எல்லைக்குள் ஒன்று நுழைந்து இரைச்சலைத்தான் கூட்டும்.

ஆகவே வாங்குவதற்கு முன் ‘சைட் சர்வே’ கட்டாயம் வேண்டும். பொருத்தப் போகும் கருவியையே ஒரு ஸ்டாண்டில் ஏற்றி, உத்தேசித்த இடத்தில் நிறுத்தி, அறை அறையாக அளந்து வரைபடத்தில் குறிக்கும் வேலை அது. மருத்துவமனையில் எக்ஸ்ரே அறையின் ஈயத் தகடும், லிஃப்ட் கூண்டும், கேன்டீனில் மைக்ரோவேவ் அடுப்பும் எங்கெங்கே என்பது இந்த நடையில்தான் தெரியும். மொத்தச் செலவில் இதன் பங்கு சிறியது. இதைத் தவிர்த்துவிட்டு வாங்கிய கருவிகளை இடம் மாற்றி மாட்டும் செலவோ பெரியது.

அடுத்தது, பயன்படுத்துவோர் எண்ணிக்கை. ஒரு சேனலில் (அலைவரிசையின் ஒரு பிரிவில்) ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால், வைஃபை காற்று எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் பொதுச்சொத்து. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. மக்கள் நெருக்கம் மிகுந்த நம் மாவட்டத்தில், சாலையோரக் கட்டடம் எதிலும் பக்கத்து வீடுகளின் ரூட்டர்களே அந்த மூன்றையும் நிரப்பியிருக்கும். 5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 2018 அக்டோபரில் மத்திய அரசு அந்த அலைவரிசையில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. வளாக வைஃபை இன்று பெரும்பாலும் அதன் மேல்தான் ஓட வேண்டும். அது சுவரைக் கடப்பதில் பலவீனமானது என்பதால் கருவிகள் கூடுதலாகத் தேவைப்படும். அவற்றின் சக்தியைக் குறைத்தே வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் விற்பனையாளர்கள் புகழும் ‘வைஃபை 7’ என்ற புதிய தலைமுறை பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்கான சான்றளிப்பு 2024 ஜனவரியில் தொடங்கியது, தொழில்நுட்பம் நல்லதுதான். ஆனால் அதன் முழுப் பயன் 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கிடைப்பது. நம் நாட்டில் அதன் கீழ்ப்பகுதியை உரிமமின்றித் திறப்பதற்கான வரைவு விதிகளையே தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதத்தில்தான் வெளியிட்டது. மாணவர்கள் கையில் இருக்கும் விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றில் அந்த அலைவரிசையே கிடையாது. புதிய தலைமுறைக் கருவி பத்து வாங்கும் பணத்தில் முந்தைய தலைமுறையான வைஃபை 6 கருவிகள் கூடுதலாக வாங்கி, வகுப்பறைக்குள்ளேயே மாட்டினால் மாணவர்களுக்கு அதிகம் பயன்படும். ஓர் இடத்தில் நிலையாக இருக்கும் கணினிகளை வைஃபையில் இணைக்கவே கூடாது. கணினி ஆய்வகம், பில் போடும் கவுன்டர், கேமரா ஆகியவற்றுக்குக் கேபிள்தான் சரி. துறைக்கு ஒரு பெயர், விடுதிக்கு ஒரு பெயர், முதல்வர் அறைக்குத் தனிப் பெயர் என்று எட்டுப் பத்து வைஃபை பெயர்களை வைப்பதும் ஆடம்பரம். ஒவ்வொரு பெயரும் நொடிக்குச் சுமார் பத்து முறை தன்னை அறிவித்துக்கொண்டே இருந்து காற்றை அடைக்கும். மூன்று போதும்.

கண்ணுக்குத் தெரியாத கேபிளிலும் மின்சாரத்திலும்தான் குறைந்த விலை டெண்டர்கள் கை வைக்கின்றன. ஆக்சஸ் பாயின்டுக்கு மின்சாரமும் அதே நெட்வொர்க் கேபிள் வழியாகவே போகிறது. 2003ஆம் ஆண்டுத் தரப்படி ஸ்விட்சில் ஒரு போர்ட் (கேபிள் செருகும் துளை) தரும் மின்சாரம் 15.4 வாட், 2009 தரப்படி 30 வாட். இன்றைய கருவிகள் பல முழுமையாக இயங்க 30 வாட் கேட்கும். பழைய ஸ்விட்சில் மாட்டினாலும் விளக்கு எரியும், வைஃபை பெயரும் தெரியும். ஆனால் மின்சாரம் போதாமல் கருவி தன் திறனில் ஒரு பகுதியை அணைத்துவிட்டு ஓடும். இதைக் கண்டுபிடிக்க ஸ்விட்சின் இயக்கப் பதிவான லாக்கைப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். ஸ்விட்சின் எல்லா போர்ட்டுகளுக்கும் சேர்த்து மொத்தம் எத்தனை வாட் தரும் என்பதையும் டெண்டரிலேயே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

துலா மாத மழையை நம் மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு வரும் அந்த மழைக்காலத்தில், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செப்புக் கேபிள் இழுத்திருக்கும் வளாகங்களில் ஸ்விட்சுகள் கொத்துக் கொத்தாகப் போகின்றன. திறந்து பார்த்தால் போர்ட்டின் உள்ளே கறுத்திருக்கும். சில நேரம் மறுமுனையில் இருந்த கருவியும் சேர்ந்தே போயிருக்கும். கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) போட்டால் அதன் வழியே மின்னோட்டம் தாவ வழியில்லை. செப்புக் கேபிளுக்கு உரிய 100 மீட்டர் எல்லையும் அதற்கு இல்லை. மொட்டைமாடியில் வைக்கும் கருவிக்குத் திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பும் முறையான எர்த்தும் வேண்டும். குளச்சல், கன்னியாகுமரி போன்ற கடற்கரைப் பகுதிகளில், வெளியில் மாட்டும் பெட்டியும் அதைத் தாங்கும் கம்பியும் உப்புக்காற்றைத் தாங்குமா என்பதும் பார்க்க வேண்டியது. ஸ்விட்ச் இருக்கும் ரேக்குக்கு ஒரு நல்ல யுபிஎஸ் கொடுத்தால், அதிலிருந்து மின்சாரம் பெறும் எல்லா ஆக்சஸ் பாயின்டுகளும் மின்தடையிலும் ஓடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் மின்கம்பங்களைச் சாய்த்த பிறகு மாவட்டம் இருந்த நிலையை நினைத்தால், மருத்துவமனைகளாவது இந்த ரேக்கை ஜெனரேட்டர் இணைப்பில் சேர்த்திருக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றி நிர்வாகங்கள் காட்டும் அலட்சியம் எனக்கு வியப்பளிக்கிறது. ஒரே கடவுச்சொல்லை அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்கும் நிறுவனங்கள் இன்றும் இருக்கின்றன. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குப் பொறுப்பேற்ற மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டப்படாமல் இருந்த ஒரு வைஃபை இணைப்பின் வழியாக அனுப்பப்பட்டதும், விசாரணை முதலில் அந்த இணைப்புக்குரியவரிடம் போய் நின்றதும் செய்தித்தாள் படிக்கும் அனைவருக்கும் தெரியும். பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து ரேடியஸ் சர்வர் வழியாகச் சரிபார்ப்பதுதான் நிறுவனத்துக்கு உகந்த முறை. வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை மட்டும் நீக்கினால் போதும், எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. கல்வி நிறுவனங்களுக்கு, மத்திய அரசின் கல்வி, ஆராய்ச்சி நெட்வொர்க் அமைப்பான எர்நெட் இந்தியா நடத்தும் எடுரோம் வசதியும் இருக்கிறது. அதில் சேர்ந்த கல்லூரியின் ஆசிரியர், அதில் சேர்ந்த வேறு எந்தக் கல்லூரிக்குப் போனாலும் தன் சொந்தக் கணக்கிலேயே இணையலாம்.

சில அலுவலகங்களில் ஒவ்வொரு கைப்பேசியின் மேக் முகவரியையும் (கருவிக்கே உரிய அடையாள எண்) ஒரு நோட்டில் எழுதி, அதைப் பட்டியலில் ஏற்றி அனுமதிக்கும் பழக்கம் உண்டு. 2019இல் ஆண்ட்ராய்டு 10, 2020இல் ஐஓஎஸ் 14 ஆகியவை வந்த பிறகு கைப்பேசிகள் இணையும் வைஃபைக்கு ஏற்ப வேறு வேறு போலி முகவரியைக் காட்டத் தொடங்கிவிட்டன. நோட்டில் எழுதும் ஊழியரின் உழைப்பு வீணாகிறது. நுழைய நினைப்பவருக்கோ அது ஒரு தடையே அல்ல. இதற்கிடையே, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்பு மீறல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான ‘சி.இ.ஆர்.டி.-இன்’ (CERT-In) 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு, கல்லூரி, மருத்துவமனை உள்ளிட்ட நிறுவனங்களுக்கும் உரியது. அந்தப் பதிவுகளை எங்கே, யார் சேமிக்கப் போகிறார் என்று கேட்கும் டெண்டரை நான் அரிதாகவே பார்க்கிறேன்.

கடைசியாக, பராமரிப்பு. இன்றைய கருவிகள் பலவற்றை கிளவுட் (இணையத்தில் உள்ள சர்வர்) வழியாக நிர்வகிக்கிறார்கள். அதற்கு ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்ட வேண்டும். லைசென்ஸ் முடிந்தால் சில கருவிகளில் அமைப்பை மாற்ற மட்டும் முடியாது; வேறு சிலவற்றில் சேவையே நின்றுவிடும். இரண்டில் எது என்பதை வாங்கும் முன் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். ஐந்தாண்டுக்கான லைசென்ஸ் செலவையும் விலையோடு சேர்த்து ஒப்பிட்டால், இன்று மலிவாகத் தெரியும் கொட்டேஷன் பல நேரம் மலிவாக இருக்காது. கருவி செய்யும் நிறுவனங்களும் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. ரக்கஸ் நிறுவனம் 2016இல் புரோகேடுக்கும், 2017இல் ஏரிஸுக்கும், 2019இல் காம்ஸ்கோப்புக்கும் போனது. ஆகவே பிராண்டின் பெயரை மட்டும் நம்பாமல், மென்பொருள் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை வரும் என்று கேட்பதே முறை.

விலை குறைந்தவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதே என்று அதிகாரிகள் கைவிரிப்பதுண்டு. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ், தொழில்நுட்பத் தகுதியை முதலிலும் விலையைப் பிறகும் திறக்கும் இரண்டு உறை முறைக்கு வழி உண்டு. கேட்கப்பட்ட தகுதியை நிறைவு செய்பவர்களுக்குள்தான் விலை ஒப்பீடு நடக்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்காதது டெண்டர் எழுதியவரின் குறை.

ஆகவே, வருகிற கல்வியாண்டுக்கு முன் டெண்டர் விடவிருக்கும் நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். சர்வே அறிக்கையை டெண்டரோடு இணையுங்கள். வேலை முடிந்த பின் அதே அறைகளில் மீண்டும் அளந்து, மைனஸ் 67 கிடைத்த பிறகே இறுதித் தவணையை விடுவியுங்கள். நிறுவனத்தில் ஒருவரையாவது இந்த வேலைக்கென்று நியமித்துப் பயிற்சி கொடுங்கள்; கணினி ஆசிரியர் ஒருவரிடம் கூடுதல் பொறுப்பாகத் தள்ளிவிடாதீர்கள். கேபிள் வரைபடம், ஸ்விட்சுகளின் கடவுச்சொற்கள், லைசென்ஸ் ஆவணங்கள் ஆகியவற்றை எழுத்தில் பெற்ற பின் மட்டுமே வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். கிளவுட் கணக்கை ஒப்பந்தக்காரரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்க ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். ஒப்பந்தக்காரர் தொழிலை விட்டுப் போனதால், தங்கள் வளாகத்துக் கருவிகளுக்குள் தாங்களே நுழைய முடியாமல், ஒவ்வொன்றாக ஏணி போட்டு இறக்கி ரீசெட் செய்ய முயன்ற ஒரு நிறுவனத்தில்தான் கடந்த மாதம் எனக்கு வேலை இருந்தது. ரீசெட் செய்த பிறகும் அவை பழைய கணக்கோடுதான் இணைந்திருந்தன. அந்தப் பிணைப்பை விடுவிக்க, வாங்கிய பில்லைக் காட்டித் தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறோம்.

இப்படிக்கு,
கணினி நெட்வொர்க் பணியில் உள்ள வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.