மனசு வரட்டும் என்று காத்திருக்கும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

"உடற்பயிற்சி செய்யணும்னு தெரியுது, மனசுதான் வரமாட்டேங்குது. நீ எப்படி விடாம செய்யற?" என்று போன வாரம் கேட்டாய். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. இதே கேள்வியோடு தவிக்கிற பலரை எனக்குத் தெரியும் என்பதால், உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

உனக்கு மன உறுதி இல்லை என்று மட்டும் இனிமேல் சொல்லாதே. வேலையையும் வீட்டையும் இத்தனை வருடம் சேர்த்து இழுத்து வந்தவள் நீ. உறுதிக்கு உன்னிடம் பஞ்சமே இல்லை. நீ சொல்லிக்கொள்ளும் காரணங்களில்தான் சிக்கல். டாக்டர் சொன்னார், எடை குறைய வேண்டும், வயதான பிறகு யாருக்கும் பாரமாகிவிடக் கூடாது. எல்லாமே நியாயமானவை. ஆனால் பலன் எங்கோ தூரத்தில் இருக்கிறது, களைப்போ இன்றைக்கே வந்துவிடுகிறது. விடிகாலையில் படுக்கையை விட்டு எழுப்ப அவ்வளவு தூரத்துக் காரணத்தால் முடியாது.

அன்றைக்கே கிடைக்கிற ஒன்றைப் பிடித்துக்கொள். எனக்கு அது மாலை நேரத்து எரிச்சல் தணிவது. நடந்துவிட்டு வந்தால் யாரிடமும் வள்ளென்று விழாமல் பேச முடிகிறது. அதற்காகத்தான் போகிறேன், இதய நலம் கூடவே வரட்டும். உனக்கு அது வேறாக இருக்கலாம். இரவு சீக்கிரம் தூக்கம் பிடிப்பதாக இருக்கலாம். சாப்பிட்டபின் நடந்தால் ரத்தச் சர்க்கரை ஏறுவது அப்போதே மட்டுப்படும், அதைக் கருவியில் பார்க்கிற திருப்தியாகவும் இருக்கலாம். எது உன்னுடையது என்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும். எடையை மட்டும் அளவுகோலாக வைக்காதே. அது சில வாரங்கள் அசையவே அசையாது, உன் மனதை உடைத்துவிடும்.

அப்புறம், மனசு வந்தபின் தொடங்கலாம் என்பது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பயிற்சி எவ்வளவு பிடித்திருக்கும் என்று முன்கூட்டியே ஆட்களிடம் கேட்டார்கள். செய்து முடித்தபின் மறுபடி கேட்டார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் பிடித்திருந்தது. தொடக்கத்தின் சிரமத்தையே மனது பெரிதாக நினைத்துக்கொள்வதுதான் காரணம் என்று கண்டார்கள். உடம்பின் கணக்கும் அதுதான். தசைகள் உடனே ஆக்சிஜன் கேட்கும், இதயமும் நுரையீரலும் அந்த வேகத்துக்கு வந்துசேரச் சில நிமிடங்கள் ஆகும். அந்தச் சில நிமிடங்கள்தான் கனமாக இருக்கும். வேண்டுமா வேண்டாமா என்ற முடிவை அங்கே நின்று எடுக்காதே. பத்து நிமிடம் போனபிறகும் பிடிக்கவில்லையென்றால் தாராளமாகத் திரும்பி வந்துவிடு.

இன்னொன்று, இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும்: மெதுவாகப் போ. நீ ஒவ்வொரு முறையும் முதல் நாளிலேயே மூச்சிரைக்க ஓடுகிறாய், மூன்றாம் நாள் உடம்பெல்லாம் வலி, அதோடு முடிந்தது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான வேகம் என்று சொல்வது அதைத்தான். வாய் திறந்து பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் பெரும்பாலானவர்களுக்கு இன்பம் சட்டென்று குறைந்துவிடும். துன்பமாக நினைவில் தங்கிய வேலைக்கு மறுநாள் யார் போவார்கள்?

உலக சுகாதார அமைப்பு 2020இல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை அப்போது எடுத்துவிட்டார்கள். படியேறுவதும் சேரும். அதனால் அரைமணி நேரம் கிடைக்கவில்லை என்பதற்காக அந்த நாளையே விட்டுவிடாதே. முட்டிவலி இருப்பதால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

21 நாளில் பழகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதே. லண்டனில் 96 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கிற பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் என்று வந்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்ற கணக்கு. இடையில் ஒருநாள் தவறியது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை. நீயோ ஒருநாள் விட்டதும் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடுகிறாய். அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் செயலை அன்றாடம் நடக்கிற ஏதோ ஒன்றோடு இணைத்து வைத்திருந்தார்கள். "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் உனக்கு நேரம் கிடைக்கவே கிடைக்காது, வீட்டில் எல்லோருக்கும் கொடுத்தது போக மிச்சத்தைத்தான் நீ எடுத்துக்கொள்வாய். அலுவலகத்திலிருந்து வந்ததும், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கிளம்பிவிடு. உட்கார்ந்துவிட்டால் யாராவது ஒரு வேலை சொல்லிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாம் எப்படியும் அரைமணி நேரமாவது பேசுவோம். இந்த ஞாயிறு மாலை ஐந்தரைக்குக் கூப்பிடுகிறேன், நானும் அப்போது நடந்துகொண்டிருப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனை எடு. பேச்சு தடைபட்டால் வேகத்தைக் குறைக்கச் சொல்வேன். மற்ற நாட்களை எப்படி வைப்பது என்று நடந்துகொண்டே முடிவு செய்வோம்.

அன்புடன்,
உன் தங்கை