எண்ணோடு இடத்தையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்று தோலின் மின்கடத்துதிறனை அளந்து, அணிந்திருப்பவரின் மன அழுத்தத்தை அவ்வப்போது எண்ணாகக் காட்டிவிடும் என்று தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த அளவீட்டைப் பல ஆண்டுகளாக ஆய்வகத்தில் செய்துவருபவன் என்ற முறையில், கட்டுரை கண்டுகொள்ளாமல் விட்ட ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். உடலில் எந்த இடத்தில் அளக்கிறோம் என்பதே அது.

உணர்ச்சிவசப்படும்போது தோலின் மின்தடை குறைகிறது, அதாவது கடத்துதிறன் கூடுகிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் ஃபெரே 1888-இலேயே பதிவு செய்துவிட்டார். நெடுங்காலமாக விரல்களும் உள்ளங்கையுமே இதற்குரிய வழக்கமான இடங்களாக இருந்துவருவதற்குத் தக்க காரணம் உண்டு. கடத்துதிறனைக் கூட்டுவது வியர்வையின் ஈரம். வியர்வைச் சுரப்பிகள் உடல் முழுவதும் பரவியிருந்தாலும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை மிக நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அதைவிட முக்கியமாக, அவ்விடங்களில் உள்ளவை வெப்பத்தைக் காட்டிலும் மனத்தின் சலனத்துக்கே விரைந்து பணிகின்றன. நேர்முகத் தேர்வுக்குக் காத்திருப்பவரின் உள்ளங்கை குளிரூட்டப்பட்ட அறையிலும் பிசுபிசுத்துப்போக, அவருடைய முன்னங்கை உலர்ந்தே இருப்பதை யாரும் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

ஆய்வகத்தில் நாங்கள் செய்வது எளிய வேலைதான். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் இரண்டு மின்முனைகளைப் பொருத்தி, அரை வோல்ட் மின்னழுத்தம் கொடுத்து, கடத்துதிறனை மைக்ரோசீமன்ஸ் அலகில் பதிவு செய்கிறோம். அமர்ந்திருப்பவருக்குப் பின்னால் நின்று திடீரென்று கைதட்டினால், திரையில் உடனே ஒன்றும் நிகழாது. ஒன்று முதல் மூன்று நொடிக்குள் கோடு மேலெழும்பி, உச்சியைத் தொட்டு, ஏறியதைவிட மெதுவாகச் சரியும். அதே நேரத்தில் அவருடைய மணிக்கட்டில் பொருத்திய கருவியின் கோடோ பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். அவரையே இரண்டு மாடி ஏறி இறங்கச் சொன்னால், மணிக்கட்டின் கோடும் சுறுசுறுப்பாக ஏறத் தொடங்கிவிடும். படியேறிய வியர்வையை மன அழுத்தம் என்று பட்டை சொன்னால், அதை நம்பி ஒருவர் கவலைப்படத் தொடங்குவார். அந்தக் கவலை மட்டும் உண்மையான அழுத்தமாக இருக்கும்.

உணர்ச்சியைத் தூண்டும் திரைக்காட்சிகளைப் பார்ப்பவர்களிடம் உடலின் 16 இடங்களில் ஒரே சமயத்தில் அளந்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2012-இல் வெளியானது. விரல், பாதம், நெற்றி, தோள் ஆகிய இடங்கள் நன்றாக எதிர்வினை காட்டின. மேற்கை, முதுகு, அக்குள், தொடை ஆகியவை பின்தங்கின. அக்குளைப் பற்றிய முடிவு பலருக்கு வியப்பளிக்கும்; மிகுதியாக வியர்க்கும் இடமெல்லாம் உணர்ச்சியை நன்கு காட்டும் இடமாகிவிடாது. விரலின் போக்கோடு மிகவும் ஒத்துப்போனது பாதம். கைகளுக்கு ஓயாத வேலை இருப்பவர்களை அளக்க வேண்டியிருந்தால், நான் முதலில் பாதத்தின் உட்பக்கத்தைத்தான் நாடுவேன். நடக்கும்போது மின்முனை அழுந்திப் பொய்யான அலைகள் பதிவாவது அங்கே உள்ள தொல்லை.

மணிக்கட்டு பயனற்றது என்று நான் வாதிடவில்லை. உடல் முழுவதும் வெட்டியிழுக்கும் வலிப்புக்குப் பின் அங்கேயும் கடத்துதிறன் வெகுவாக எகிறுவது பதிவாகியிருக்கிறது. ஆனால் அத்தகைய பெருங்கொந்தளிப்பைப் பிடிக்கும் இடம், அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சலைத் திறக்கும்போது எழும் சிறு பதற்றத்தையும் பிடிக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. தவிர, விரலிலும்கூட இந்த அளவு காட்டுவது மனக்கிளர்ச்சி எவ்வளவு என்பதையே; அது எந்த உணர்ச்சி என்பதை அல்ல. சிரிப்பு, திகைப்பு, ஓர் ஆழ்ந்த மூச்சு எல்லாம் ஏறக்குறைய ஒரே வடிவக் கோட்டைத்தான் தரும். சுரப்பிகளைத் தூண்டும் நரம்புகள் அசிட்டைல்கோலின் என்ற, நரம்பின் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருள் வழியாகச் செயல்படுவதால், அதைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்பவரிடம் எண் தாழ்ந்தே இருக்கும். அவரை மன அமைதி உடையவர் என்று பட்டை பாராட்டினாலும் பாராட்டும்.

ஆகவே, இத்தகைய கருவிகளைப் பற்றி இனி எழுதும்போது, எந்த இடத்தில் அளந்தார்கள், அறையின் வெப்பம் எவ்வளவு, அணிந்தவர் அமர்ந்திருந்தாரா நடந்துகொண்டிருந்தாரா என்பதையும் கேட்டு வெளியிடுமாறு தங்கள் செய்தியாளர்களை வேண்டுகிறேன். இன்னொன்று: கட்டுரையுடன் வந்த படத்தில் பட்டை வளையலைப்போலத் தளர்ந்து தொங்கியது. உலர்ந்த மின்முனைக்கும் தோலுக்கும் இடையே போதிய ஈரம் சேர்வதற்கே சில நிமிடங்கள் பிடிக்கும். அவ்வளவு தளர்வாகக் கட்டினால் அது சேரவே சேராது.

இப்படிக்கு,
உடலியங்கியல் ஆய்வகத்தில் பணிபுரியும் ஒரு வாசகர்