குவைத் பெட்டியில் வந்த கணினி

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் கிழக்குக்குக் கணினி வந்த வரலாறு பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள், பிறகு சுனாமி நிவாரணத்தோடு வந்த இயந்திரங்கள், 2005க்குப் பின் அரசு திறந்த நெனசல என்ற கணினி நிலையங்கள் என்று கட்டுரையாளர் வரிசையாகச் சொல்லியிருந்தார். சொன்னதில் குறை காண மாட்டேன். ஆனால் ஒரு வாசலை விட்டுவிட்டார். எங்கள் வீட்டுக்குக் கணினி 1987இலேயே வந்துவிட்டது. குவைத்தில் சாரதியாக இருந்த மாமா லீவில் வந்தபோது, நிடோ பால்மா டின்களுக்கும் போர்வைகளுக்கும் நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். நிந்தவூரில் என் தோழி ஒருத்தியின் வீட்டிலும் அப்படியொன்று இருந்தது. இரண்டும் அரபு நாட்டு உழைப்பில் வந்தவை. எந்த நிறுவனத்தின் பதிவேட்டிலும் அவை இருக்காது.

இயந்திரத்தின் பெயர் ஸக்ர். பழைய வீட்டுக் கணினிகளைப் பற்றி யார் எழுதினாலும் இங்கிலாந்தின் ஸ்பெக்ட்ரம், அமெரிக்காவின் கொமடோர் 64 என்று இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். எங்கள் கைக்கு வந்தது மூன்றாவது சாதி. 1983இல் ஜப்பானில் அறிவிக்கப்பட்ட எம்எஸ்எக்ஸ் என்ற பொதுத்தரத்துக்கு அமைந்தது. ஒரே தரம் என்பதால் சோனி, யமஹா, சான்யோ என்று யார் செய்த பெட்டியிலும் ஒரே புரோகிராம் ஓடும். குவைத்தில் முஹம்மத் அல் ஷாரிக் என்பவர் 1982இல் தொடங்கிய அல் ஆலமிய்யா என்ற கம்பனி, அந்த ஜப்பான் இயந்திரத்துக்கு அரபு எழுத்தைக் கற்றுக்கொடுத்து ஸக்ர் என்ற பெயரில் அரபு நாடுகளெங்கும் விற்றது. விசைகளில் ஆங்கில எழுத்தும் அதன் பக்கத்தில் அரபு எழுத்தும் இருக்கும்.

இந்த அரபு எழுத்தால் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் நடந்தது. ஆங்கிலம் அறியாத என் உம்மும்மா (உம்மாவின் தாய்) விசைப்பலகையைக் குனிந்து பார்த்து, "அலிஃப் இங்க கிடக்கு, பே எங்க மகள்?" என்று தேடத் தொடங்கிவிட்டார். குர்ஆன் ஓதத் தெரிந்தவருக்கு அந்த விசைகள் எங்களைவிட முதலில் பழகிவிட்டன. கூடவே ஒரு சட்டமும் போட்டார்: அரபு எழுத்துள்ளதைத் தரையில் வைக்கக் கூடாது, தாண்டக் கூடாது, தலைமாட்டில் துணி போட்டு மூடித்தான் வைக்க வேண்டும். தம்பிமார் டீவிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து தட்ட ஆசைப்பட்டார்கள், நடக்கவில்லை. அந்த இயந்திரம் அவ்வளவு காலம் புழுதி படாமல் இருந்ததற்கு உம்மும்மாதான் காரணம்.

தனித் திரை கிடையாது. டீவியில்தான் கொழுவ வேண்டும். குவைத்திலும் இங்கும் ஒரே பால் (PAL) முறை டீவி ஒளிபரப்பு என்பதால் படம் வந்தது. பிளக்தான் பொருந்தவில்லை. அங்கே சதுர முள், இங்கே உருண்டை முள். கல்முனையில் ஒரு அடப்டர் வாங்கினோம். எங்களுடையது கறுப்பு வெள்ளை டீவி. நீலத்தில் வெள்ளை எழுத்து என்று கையேட்டில் போட்டிருந்தது எங்களுக்குச் சாம்பலில் வெள்ளையாகத் தெரிந்தது. ரூபவாஹினியில் செய்தி தொடங்கினால் வயரைப் பிடுங்கி அன்டெனாவை மாட்டுவோம். நல்லவேளை, டீவியை மாற்றினாலும் தட்டியது இயந்திரத்துக்குள் இருக்கும். கரண்ட் போனால் மட்டும் எல்லாம் போய்விடும். அந்தக் காலம்தான் பொற்காலம் என்று எழுத நான் வரவில்லை. அரைநாள் தட்டியது ஒரு கணத்தில் போனபோது அழுதிருக்கிறேன்.

போட்டவுடன் எம்எஸ்எக்ஸ் பேசிக் என்று தன் கணினி மொழியின் பெயரை எழுதி, கீழே 'ஓகே' என்று ஒரு சொல் காட்டி நிற்கும். படம் இல்லை, மௌஸ் இல்லை. இனி நாம்தான் எதையாவது தட்ட வேண்டும். எனக்கு அப்போது பதினாறு வயது, ஓஎல் படித்துக்கொண்டிருந்தேன். நான் முதலில் உருப்படியாக எழுதியது வாப்பாவின் நூல் கணக்கை.

மருதமுனை நெசவூர் என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பருத்தி நூலில் 40 நம்பர் என்றால், ஒரு இறாத்தலில் 840 யார் நீளமுள்ள சுற்று 40 இருக்கும், அதாவது 33,600 யார். அங்குலத்துக்கு 60 இழை வீதம் 48 அங்குல அகலத்துக்கு 2,880 இழை. 100 யார் பாவு (தறியில் நீளவாட்டில் ஓடும் இழை) ஓட 288,000 யார் நூல். அதை 33,600ஆல் வகுத்தால் 8.57 இறாத்தல். இதைப் பத்து, இருபது, முப்பது என்று வரி எண் போட்டு எழுதினேன். இடையில் ஒன்று விட்டுப்போனால் பதினைந்து என்று ஒரு வரியைச் செருகலாம் என்பதற்காகவே பத்துப் பத்தாகப் போவது வழக்கம். விடை திரையில் வந்ததும் வாப்பா சிரித்தார். "எட்டரை இறாத்தல் எண்டு நான் நிண்ட நிலையில சொல்லுவன், இதுக்கொரு மெசினா?" அவர் சொன்னது உண்மை, மனக்கணக்கில் அவரை வெல்ல ஆள் இல்லை.

கோடு போட்ட சாறம் வந்தபோதுதான் அவர் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். ஒரு கரையில் பச்சை இத்தனை இழை, நடுவில் வெள்ளை இத்தனை, ஓரத்தில் மெல்லிய சிவப்பு, பிறகு அதே ஒழுங்கு திரும்ப வரும். எந்த நிறத்தில் எவ்வளவு சாயம் போடுவது என்பது அதில்தான் இருக்கிறது. சிவப்புக் குறைந்துபோய் இரண்டாம் முறை சாயமிட்டால் நிறம் ஒத்துவராது, சாறம் விலை இறங்கிவிடும். இயந்திரம் நிறம் நிறமாகப் பிரித்துச் சொன்னது. அதற்குப் பிறகு சாயம் வாங்கப் போகுமுன், "மகள், அந்தக் கணக்க ஒருக்காக் கேட்டுச் சொல்லு" என்பார். நெசவுக்கும் கணினிக்கும் உறவு சொல்ல துளையிட்ட அட்டைகளால் தறிக்குக் கோலம் சொன்ன ஜக்கார்டின் கதையை எடுப்பார்கள். எங்கள் தறியில் ஜக்கார்ட் இல்லை, வெறும் கோட்டுச் சாறம்தான். எங்களுக்கு உறவு இந்த வகுத்தலில் இருந்தது.

எழுதியதைக் காப்பாற்ற இருந்தது கசெட் ஒன்றுதான். அரபு நாட்டில் ஆள் உள்ள வீடுகளில் அந்த நாட்களில் கடிதத்தோடு கசெட்டும் போய் வரும். மாமா அங்கிருந்து பேசி அனுப்புவார், நாங்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்டுவிட்டு மறுபக்கத்தில் பேசி அனுப்புவோம். அதே நஷனல் ரெக்கோடர்தான் கணினிக்கும். அதன் துளைகளில் மூன்று வயர் கொழுவினால், மோட்டரை ஓட்டுவதையும் நிறுத்துவதையும் இயந்திரமே பார்த்துக்கொள்ளும். பூஜ்யத்துக்கு ஒரு சுதி, ஒன்றுக்கு அதைவிட இரண்டு மடங்கு ஏறிய சுதி, 1200 அதிர்வும் 2400 அதிர்வும். செக்கனுக்கு நூற்றுச்சொச்சம் எழுத்துத்தான் ஏறும். 16 கிலோபைட் ஏற இரண்டரை நிமிடம் பிடிக்கும். ஏறாமல் பிழை காட்டினால், ரெக்கோடரில் நாடாவை வாசிக்கும் ஹெட்டின் ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகாணியைக் கால்வாசி திருப்பிப் பார்க்க வேண்டும். சத்தம் கூர்மையாகும் இடம்தான் சரியான இடம், காதால் கண்டுபிடிப்போம். புதுக் கசெட் வாங்கக் காசில்லாததால் மாமாவின் பேச்சு முடிந்த இடத்தில் இருந்து பதிவேன். அட்டையில் கவுன்டர் எண்ணைக் குறித்து 'நூல் கணக்கு 214' என்று எழுதி வைப்பேன். எண்ணைத் தவறவிட்டால் சலாம் சொல்லி மாமா பேசத் தொடங்கிவிடுவார்.

அந்தத் திரையில் ஆங்கிலம் இருந்தது, அரபு இருந்தது, தமிழ் மட்டும் இல்லை. கையேட்டைப் புரட்டியதில் வழி ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு எழுத்தும் எட்டுக்கு எட்டுக் கட்டம், ஒரு வரிசைக்கு ஒரு எண், எட்டு எண்ணை மாற்றினால் எழுத்தின் உருவம் மாறும். சதுரக் கோட்டுக் கணக்குக் கொப்பியில் வரைந்து பார்த்தேன். எங்கள் ட-வும் ப-வும் இதற்கென்றே பிறந்தவை. ட என்றால் 128 ஆறு முறை, பிறகு 254, பிறகு 0. ப என்றால் 130 ஆறு முறை, 254, 0. ஆங்கிலப் பெரிய ஏ-யின் எண் 65, எட்டால் பெருக்கினால் 520. திரை நினைவகத்தின் அந்த இடத்தில் இருந்து ப-வின் எட்டு எண்ணையும் போட்டதும் திரையில் இருந்த ஏ எல்லாம் ப ஆகிவிட்டன. எழுதிய வரிகளைக் காட்டும் லிஸ்ட் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் டேட்டா என்ற கட்டளையிலும் இரண்டு ப வந்து குந்தியிருந்தன. தம்பிமார் உருண்டு சிரித்தார்கள். ண-வும் ஞ-வும் எட்டுக் கட்டத்துக்குள் அடங்கவில்லை, இரண்டு இரண்டு இடம் கொடுக்க வேண்டியிருந்தது. கொம்பு, கால், சுழி எல்லாம் தனித்தனி. கடைசியில் 'நூல் 8.57 இறாத்தல்' என்று எங்கள் டீவியில் தமிழில் வந்தபோது வாப்பா உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பின்னாளில் பாமினி எழுத்துருவில் பத்திரிகைகள் தட்டெழுதப்படுவதைப் பார்த்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. அங்கேயும் ஆங்கில எழுத்தின் நாற்காலியில் தமிழ் எழுத்தை இருத்தியிருந்தார்கள்.

தொண்ணூறுகளில் கல்முனையில் ஒரு வகுப்புக்குப் போனேன். செருப்பைக் கழற்றி வைத்துக் குளிர் அறைக்குள் போய், டொஸ், வேர்ட்ஸ்டார், டிபேஸ் என்ற மென்பொருள்களைப் படித்தோம். டிபேஸ் ஒரு புள்ளியை மட்டும் காட்டிக் காத்திருக்கும். மற்றப் பிள்ளைகள் மிரண்டார்கள், ஓகே-யோடு பழகிய எனக்கு அது பழைய ஆள்தான். அதைப் பற்றி எழுத அவ்வளவுதான் இருக்கிறது.

1990 ஓகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. மாமா கையில் ஒன்றும் இல்லாமல் ஜோர்தான் வழியாக வந்து சேர்ந்தார். அதே வருடம் எங்கள் கரையில் போர் என்ன செய்தது என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். கசெட் வருவது அத்தோடு நின்றது. இயந்திரம் சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 வரை கடற்கரையோரத்து வீட்டு அலுமாரியில் கிடந்தது. அன்று அதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை, நினைக்கும் நாளும் அது இல்லை.

எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் எண்பதுகளின் தொடக்கத்தில் கொழும்பில் இருந்து வேர்ட்ஸ்டாரில் ஒரு நாவலைத் தட்டி, ஒரே ஒரு டிஸ்கெட்டில் நியூயோர்க்குக்கு அனுப்பினார். கடைசித் திருத்தங்கள் பாதுக்கை செய்மதி நிலையம் வழியாகப் போயின. அதை அந்த நாவலின் பின்பக்கத்திலேயே எழுதிவைத்ததால் இன்றும் தெரிகிறது. எங்கள் கரையில் அப்படி எழுதி வைத்தவர் இல்லை, அதனால்தான் உங்கள் கட்டுரையாளரும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் தொடங்க வேண்டியதாயிற்று.

அதற்காகவே இந்தக் கடிதம். கசெட்டுகள் சில சம்மாந்துறையில் ராத்தா (அக்கா) வீட்டில் இருந்ததால் தப்பின. அண்மையில் என் மாணவன் ஒருவன் பழைய ரெக்கோடரின் இயர்போன் துளையில் இருந்து மடிக்கணினிக்கு ஒரு வயர் போட்டுச் சத்தத்தைப் பதிந்தான். ஓப்பன்எம்எஸ்எக்ஸ் என்ற இலவச மென்பொருள் அந்தச் சத்தத்தை அப்படியே வாசிக்கும். பூஞ்சணம் பிடித்தவை வரவில்லை. நூல் கணக்கு வந்தது. அதற்கு முன்னால் மாமாவின் குரலும் வந்தது, அவருடைய பிள்ளைகள் பிரதி எடுத்துக்கொண்டார்கள்.

சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, காத்தான்குடி, ஏறாவூர் வாசகர்கள் தயவுசெய்து அலுமாரியைப் பாருங்கள். மாமாவோ காக்காவோ (அண்ணனோ) பேசி அனுப்பிய கசெட்டின் கடைசியில் கீ என்ற இரைச்சல் கேட்டால் அது பழுதல்ல, உள்ளே ஒரு புரோகிராம் இருக்கக் கூடும். அதற்கு மேல் வேறெதையும் பதிய வேண்டாம், வெயிலில் காயவைக்க வேண்டாம், பழைய இரும்புக்காரரிடம் விசைப்பலகையைக் கொடுக்கவும் வேண்டாம். இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு ஒரு தபாலட்டை போட்டால், மாணவர்களோடு ரெக்கோடரையும் வயரையும் எடுத்துக்கொண்டு சனி, ஞாயிறுகளில் நானே வருகிறேன். கசெட் உங்களிடமே இருக்கும், சத்தத்தை மட்டும்தான் கொண்டுபோவோம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
மருதமுனை.