அப்புச்சியின் கொசு

சௌத்தாம்ப்டன்,
25-1-2026, ஞாயிறு.

அன்புள்ள அப்புச்சிக்கு,

நலம். அங்கே நீங்கள், அம்மாயி, அம்மா, தம்பி, பட்டியில் இருக்கிற வாயில்லா ஜீவன்கள் எல்லாம் நலம்தானே?

உங்கள் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்துவிட்டது. பதில் போட ஒரு மாதம் ஆகிவிட்டது. தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருப்பீர்கள், தெரியும். திட்டுவதை நேரில் வரும்போது வைத்துக்கொள்ளலாம். போனில் எவ்வளவு கத்தினாலும் உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது. மீதியை அம்மாயி தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்லிவிடுகிறது. போன தடவை நான் 'நைட் டியூட்டி' என்றதை 'நாய் கடிச்சுதாம்' என்று சொல்லி, நீங்கள் வேலந்தாவளத்து அத்தை வரைக்கும் போன் போட்டு விசாரித்தீர்களாம். என்னை எந்த நாயும் கடிக்கவில்லை. இங்கே நாய்கள் குரைப்பதுகூட இல்லை.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விமானப்படையில் இருந்து ஸ்ரீநகர் குளிர் பார்த்தவரிடம் சௌத்தாம்ப்டன் குளிரைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பனி விழவே இல்லை. ஆனால் இது ஈரக் குளிர். ஊறப்போட்ட போர்வையைப் போர்த்திக்கொண்ட மாதிரி. துவைத்த துணி மூன்று நாள் ஆனாலும் காயாது. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. டியூட்டிக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. ஹீட்டர் இருக்கிறது, அதற்குக் காசு போட்டு ஓட்டுகிற மீட்டரும் இருக்கிறது. நான் நன்றாகப் போர்த்திக்கொள்வதால் அதிகம் தேவைப்படுவதில்லை. சங்கிலியைப் பற்றி அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் வேலை பார்க்கிற கேர் ஹோமில் நகை போடக்கூடாது, அதனால்தான் வீடியோ காலில் கழுத்து வெறுமையாகத் தெரிகிறது. பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கோட்டயத்துக்காரர் கடையில் மட்டை அரிசி கிடைக்கிறது. என் அறையில் கூட இருக்கிற பெண் திருச்சூர். அவளுக்கு நான் தமிழத்தி. காய்கறிக் கடை யாழ்ப்பாணத்து அக்காவுக்கு நான் கேரளாக்காரி. எல்லையோரத்தில் இருக்கிற நம் கொழிஞ்சாம்பாறை எந்தப் பக்கம் என்று இரண்டு பேருக்கும் விளக்கிச் சொல்லி அலுத்துவிட்டது. வேலை செய்யும் இடத்தில் மொத்தமாக 'இந்தியா', அதோடு முடிந்தது.

சரி, உங்களுக்கு வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், எங்கள் குப்பைத் தொட்டியையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போய் வைப்பாரே, அவர்தான். எண்பத்தேழு வயது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி. யார் வீட்டு கேட் கிரீச்சிட்டாலும் நின்று இரண்டு சொட்டு விட்டுவிட்டுத்தான் போவார். அக்டோபரில் ஒருநாள் அவருக்கு ரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, இது மருந்தா சூப்பா என்று கேட்டார். அப்போதுதான் பேச்சு வந்தது. பாலக்காடு தெரியவில்லை, கோயம்புத்தூரும் தெரியவில்லை. பெங்களூர் என்றதும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "நாங்கள் நாட் விமானத்தைப் பெட்டி கட்டி அங்கேதானே அனுப்பினோம்!"

அப்புச்சி, நான் இருக்கிற இடத்திலிருந்து ஹாம்பிள் ஏழெட்டு மைல்தான். நீங்கள் கொசு என்று சொல்வீர்களே, அந்த நாட் விமானத்தைச் செய்த ஃபோலண்ட் கம்பெனி அங்கேதான் இருந்தது. இவர் பதினாறு வயதில் அங்கே அப்ரண்டிஸாகச் சேர்ந்து, இறக்கைக்கு ரிவெட் அடித்தவர். 1955 ஜூலையில் முதல் நாட் பறந்த அன்று ஃபோர்மேன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். பிரிட்டிஷ் விமானப்படை அதைச் சண்டைக்கு எடுத்துக்கொள்ளவில்லை, இரண்டு சீட் வைத்துப் பயிற்சிக்குத்தான் வாங்கியது. சண்டைக்கு வாங்கியது நாமும் ஃபின்லாந்தும்தான், யூகோஸ்லாவியா பார்ப்பதற்கு இரண்டு வாங்கியதோடு சரி. அந்த வருத்தம் அவருக்கு இன்னும் இருக்கிறது. எங்கள் அப்புச்சி அந்த விமானத்தின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவர் என்றேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, என் முகத்தையே பார்த்தார். உங்கள் ஜாடை தேடினாரோ என்னவோ.

அதிலிருந்து வாரம் ஒரு பாடம். சக்கரத்தைப் பாதி இறக்கினால் அதுவே காற்றில் பிரேக் ஆகிவிடும் என்று நீங்கள் சொல்வீர்களே, அதை அவர் சமையலறையில் முழங்காலை மடக்கி, கைகளை விரித்துக் காட்டினார். எழுந்திருக்க நான்தான் கை கொடுக்க வேண்டியிருந்தது. பீரங்கி சிக்கிக்கொண்டு உங்கள் ஆட்கள் பட்ட பாட்டையும் கேட்டுப் பார்த்தேன். "அது எங்கள் டிபார்ட்மென்ட் இல்லை" என்றார். எல்லா ஊரிலும் இதே பதில்தான் போலிருக்கிறது.

டவுனில் ஸோலன்ட் ஸ்கை என்று ஒரு மியூசியம். நவம்பரில் அங்கே கூட்டிப்போனார். ஸ்பிட்ஃபயர் சண்டை விமானம் பிறந்த ஊர் இது. 1936 மார்ச்சில் அது முதலில் பறந்த ஈஸ்ட்லீ மைதானம்தான் இப்போது இந்த ஊர் ஏர்போர்ட். அதனால் வருகிற கூட்டமெல்லாம் ஸ்பிட்ஃபயரைப் பார்க்கத்தான். நாங்கள் இரண்டு பேரும் நாட் பக்கத்தில் நின்றோம். நீங்கள் சொன்னபோது நம்பவில்லை, உண்மையிலேயே குட்டி. இருபத்தொன்பது அடி நீளம்கூட இல்லை, நம் மாட்டுக் கொட்டகைக்குள் நிறுத்திவிடலாம். ஏணி வேண்டாம், தரையில் நின்றே வேலை பார்க்கலாம் என்பீர்களே, அதுவும் சரிதான். இறக்கை எனக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. கிழவர் ஆட்கள் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு ரிவெட் வரிசையைக் கட்டைவிரலால் தடவினார். அம்மாயி அரிசியில் கல் பார்க்கிற மாதிரி.

அந்த மாதமே இன்னொரு இடத்துக்கும் கூட்டிப்போனார். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அவருடைய மனைவியின் அப்பா, இரண்டாம் உலகப் போரில் ஒரு ஸ்பிட்ஃபயர் ஸ்குவாட்ரனில், அதாவது விமானப் பிரிவில், தரைப்பணியாளர். அந்த ஸ்குவாட்ரன்காரர்கள் வருஷம் ஒருமுறை கூடிச் சாப்பிடுவார்கள். ஒரு காலத்தில் பெரிய ஹாலே நிறையுமாம். இப்போது ஒரு பப்பின் பின்னறையில் பதினொரு பேர். ஸ்குவாட்ரனில் இருந்தவர் ஒருவரும் இல்லை. எல்லாம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான், அவர்களுக்கே எழுபது எண்பது வயது. 1940இல் பிரிட்டன் வானச் சண்டையில் பறந்தவர்கள் கிட்டத்தட்ட மூவாயிரம் பேர். அதில் கடைசியாக இருந்த ஹெமிங்வே என்ற பைலட் போன வருஷம் மார்ச்சில் 105 வயதில் டப்ளினில் போய்விட்டார். அவர் பெயரைச் சொல்லி எல்லோரும் எழுந்து நின்றோம். நானும் நின்றேன்.

சாப்பாடு, சொல்லாமல் விடுகிறேன். உப்பில்லாத உருளைக்கிழங்கு.

சக்கர நாற்காலியில் ஒரு அம்மா மடியில் ஆல்பம் வைத்திருந்தார். முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பைலட்டுகள் ஒவ்வொருவருக்கும் கீழே மையில் பெயர், ஊர், எந்தத் தேதியில் விழுந்தார் என்பது வரைக்கும் எழுதியிருந்தது. பின்னால் நிற்கிற இரண்டு வரிசைக்கு ஒன்றுமே இல்லை. 'எர்க்' என்பார்களாம் தரைப்பணியாளர்களை. அந்த அம்மா முப்பது வருஷமாகப் பென்சிலால் ஒவ்வொரு பெயராகச் சேர்த்துக்கொண்டு வருகிறார். இருபத்தெட்டு தலையில் ஒன்பதுக்குத்தான் பெயர் கிடைத்திருக்கிறது. தன் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிற பையனைக் காட்டி, "இவன் யாரென்று அப்பா இருந்தபோது கேட்காமல் விட்டேன்" என்றார். அவர் அப்பா போருக்குப் பிறகும் சாயங்காலம் ஆனால் வாசலில் நின்று எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பாராம். பறவையோ, பஸ்ஸோ. போன விமானம் எத்தனை, திரும்பியது எத்தனை என்று எண்ணிப் பழகிய பழக்கம்.

நீங்கள் ஆடுகளைப் பட்டியில் அடைக்கும்போது இரண்டு தரம் எண்ணுவீர்கள். பதினேழு ஆட்டுக்கு என்ன இரண்டு தரம் என்று நானும் தம்பியும் சிரிப்போம்.

உங்கள் டிரங்குப் பெட்டியில், 71 டிசம்பரில் எடுத்த போட்டோ இருக்கிறதே, கொசுவுக்கு முன்னால் எல்லோரும் தடிக் கோட்டுப் போட்டு நிற்பது. அதன் பின்பக்கம் வெறும் வெள்ளை. நான் பார்த்திருக்கிறேன். கோவையில் ஏப்ரல் 15 அன்று உங்கள் ஸ்குவாட்ரனின் பழைய ஆட்கள் கூடுகிறார்கள், கூப்பிட்டிருக்கிறார்கள், "ஆபீசர்கள் பேசுவார்கள், போல்ட் முடுக்கினவனுக்கு அங்கே என்ன வேலை, போகவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பைலட் சேகோன் சார் எல்லோரையும் 'பிரதர்' என்றுதான் கூப்பிடுவார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? ஸ்ரீநகரில் பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் குண்டு போடும்போதே ஓடுபாதையில் கிளம்பிப் போனவர். விமானப்படையிலேயே ஒரே பரம்வீர் சக்ரா அவருக்குத்தான், உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தக் கதை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அன்று காலையில் கை மரத்துப்போய் ஸ்பேனரைத் தவறவிட்ட பையன் யார், அவனுக்குத் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தவர் யார், அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? உங்களிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பர் 14ஆம் தேதியும் மத்தியானம் வரைக்கும் தோப்பிலேயே உட்கார்ந்திருப்பீர்கள். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

1965இல் அம்பாலாவில் தொடங்கிய உங்கள் ஸ்குவாட்ரன் 2020இல் தேஜஸ் விமானங்களோடு சூலூருக்கு வந்தபோது, கொரோனாவில் வேலந்தாவளம் செக்போஸ்ட்டை அடைத்து வைத்திருந்தார்கள். மொட்டை மாடியில் நின்று கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது அடைக்கவில்லை. போய்விட்டு வாருங்கள். போவதற்குள் போட்டோவின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள். மறந்த பெயரை அங்கே யாராவது சொல்வார்கள்.

போன வாரம் பட்டிப்பொங்கல் அன்று எனக்கு டியூட்டி. முடித்துவிட்டுக் கடைக்குப் போனேன். தேங்காய் இருந்தது. ஒன்றை எடுத்து, நீங்கள் செய்கிற மாதிரி காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அப்புறம் அதைக் கீழே வைக்க முடியவில்லை அப்புச்சி. கணவாய்க் காற்றில் பனையோலை அடிக்கிற சத்தம், காலையில் கள்ளுப்பானை இறக்கும்போது வருகிற வாசம், எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிட்டது. கடைக்காரப் பையன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். சளி பிடித்திருக்கிறது என்று சொன்னேன். அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டும்போது இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.

அடுத்தது முக்கியம். இதை மட்டும் இரண்டு தரம் படியுங்கள்.

தம்பியை இங்கே அனுப்புவதற்கு அதே ஏஜென்ட் எட்டு லட்சம் கேட்கிறான், அம்மா கிழக்காலத் தோப்புப் பத்திரத்தைக் கேட்கிறாள் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். போன ஜூலை 22ஆம் தேதியோடு வெளிநாட்டிலிருந்து கேர் வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதையே இந்த அரசாங்கம் நிறுத்திவிட்டது. இதற்குப் பிறகும் அந்த விசா என்று பணம் கேட்டால் அவன் என்ன ஆள் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். என் விஷயம் வேறு, நான் முன்னாலேயே வந்துவிட்டேன், எனக்கு ஒன்றும் இல்லை. முதலில் சொன்ன மணி நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சரியாகிவிடும். சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் பழைய பாக்கிக்குப் போகிறது. அதனால்தான் இரண்டு மாதமாக அனுப்ப முடியவில்லை. சங்கிலி விஷயத்தை அப்புறம் உங்களுக்கு மட்டும் தனியாக எழுதுகிறேன். அம்மாவிடம் இப்போது எதுவும் வேண்டாம்.

தம்பி விமானப்படையில் சேர அக்னிவீர் வாயு பரீட்சை எழுதுகிறேன் என்கிறானாம். நாலு வருஷம், அதற்குப் பிறகு நூற்றில் இருபத்தைந்து பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள், அதையும் அவனிடம் சொல்லுங்கள். எட்டு லட்சம் கொடுத்து வருவதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் பிளஸ் டூ கணக்கில் முதலில் தேறட்டும்.

அப்பா லாரியை விட்டு இறங்கினதும் தோப்பு மோட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள், காயில் போயிருந்தால் கட்டக் கொடுக்கட்டும், புதிது வேண்டாம். கள்ளுக்கு விட்ட மரங்களுக்கு இந்த வருஷப் பணம் வந்ததும் கூட்டுறவுச் சங்கத்து வட்டியை முதலில் கட்டிவிடுங்கள். அம்மாயியின் முழங்காலுக்கு எண்ணெய் மட்டும் போட்டால் போதாது.

வேலந்தாவளத்து அத்தையின் மருமகன் பிப்ரவரி கடைசியில் ஊருக்கு வருகிறார். காது மெஷினுக்கு ஆரஞ்சு ஸ்டிக்கர் போட்ட பதின்மூன்றாம் நம்பர் பேட்டரி நாலு பாக்கெட் அவரிடம் கொடுத்து விடுகிறேன். வழக்கம்போல டிவி பார்த்துத் தீர்க்காமல், ஒரு பாக்கெட்டைப் பிரிக்காமல் ஏப்ரலுக்கு எடுத்து வையுங்கள். கூடவே ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியும் வரும். கிழவர் உங்களுக்கென்று கொடுத்தது. எதற்கென்று கேட்டேன். "அவருக்குத் தெரியும்" என்றார்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தி