ஏழரைக்குள் வந்துவிடு

தருமபுரி

அன்பு நண்பா,

நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? "கடன் கொடுத்து எந்த ஏழையை முன்னேற்றினோம்?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். முப்பது வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் கேட்கிற கேள்விதான். பதில் சொல்ல என்னிடம் எங்கள் தெருமுனை இட்லிக் கடை ஒன்றுதான் இருக்கிறது.

கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, கேஸ் அடுப்பு, இரண்டு இட்லிக் குண்டான். நடத்துகிற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவன் விபத்தில் போய்விட்டான். இரண்டு பிள்ளைகள்.

முதலில் அவளும் தினவசூல் கடனான தண்டலில்தான் விழுந்தாள். பேச்சுக்குப் பத்தாயிரம், 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். கேட்பதற்குச் சின்னத் தொகை. கணக்குப் போட்டுப் பார், ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். மழையில் வண்டி தள்ளாத நாளிலும் அந்த நூறு ரூபாய்க்கு விடுமுறை கிடையாது.

பிறகு மகளிர் குழுவில் சேர்ந்தாள். குழுச் சேமிப்பிலிருந்து 5,000 ரூபாய் உள்கடன். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. மாதம் 500 அசல் கழிய, மீதிக்கு மட்டும் வட்டி. பத்து மாதத்துக்கும் சேர்த்து வட்டி 275 ரூபாய்தான். அவளுடைய பாஸ் புத்தகத்தை வாங்கி நானே கூட்டிப் பார்த்தேன், பழக்கதோஷம். அடுத்து, குழு வாங்கிய வங்கிக் கடனில் அவள் பங்குக்குக் கிரைண்டர் வந்தது. கூலி கொடுத்து அரைத்தவள் இப்போது மாலையில் மாவும் விற்கிறாள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டபோது ஒரு தவணை கட்ட முடியவில்லை. குழு கூடிப் பேசி, அடுத்த மாதம் சேர்த்துக் கட்டலாம் என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தண்டல்காரனிடம் ஏது தீர்மான நோட்டு?

1989-ல் இதே தருமபுரியில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு இந்தக் குழுக்கள் தொடங்கியபோது நாம் சிரித்தோம், ஞாபகம் இருக்கிறதா? சொத்தும் இல்லை, ஜாமீனும் இல்லை, சீட்டுப் பிடிக்கிற பெண்கள் என்றோம். 1992-ல் வேளாண், ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு இவர்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கிய பிறகும் நம் முகம் தெளியவில்லை. அதற்கெல்லாம் முன்பு, கணவனை இழந்து, கறவை மாடு வாங்கக் கடன் கேட்டு வந்த ஒருத்தியிடம், "ஆண்பிள்ளை யாரையாவது ஜாமீன் கையெழுத்துக்குக் கூட்டி வாம்மா" என்று சொன்னவன் நான். பக்கத்து நாற்காலியில் நீ. வீட்டு ஆண் போனதால்தானே அவள் வந்தாள்? மறுபடி அவள் வரவில்லை. எந்த வாசலுக்குப் போயிருப்பாள் என்பது இப்போது புரிகிறது.

உன் பக்கமும் நியாயம் உண்டு. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் ஐதராபாத்தில் செய்த ஆய்வில், சிறுகடனால் சராசரிக் குடும்பத்தின் நிலை பெரிதாக உயரவில்லை என்றே தெரிந்தது. வாராவாரம் வசூலுக்கு வருகிற நிறுவனங்களிடம் மூன்று கடன் வாங்கி, ஒன்றை அடைக்க இன்னொன்று என்று ஓடும் பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் நம் சட்டமன்றம் தனியாகச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. சராசரியைப் பற்றி நான் உன்னோடு சண்டை போடவில்லை. இந்த ஒருத்தியைப் பார் என்கிறேன்.

இன்னொன்று. இதே தெருவில், வெளியே கிளம்பும்போது கைம்பெண் எதிரே வந்தால் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. என் அம்மாவே அப்படித்தான். இன்று விடிந்ததும் அதே வீட்டுக்காரர்கள் தூக்குப் பாத்திரத்தோடு அவள் முகத்தில்தான் விழிக்கிறார்கள். சகுனம் பார்க்கிற ஜோசியர்கூட வரிசையில் நிற்கிறார், "ஆறு இட்லி, கெட்டிச் சட்னி" என்று.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? காலை ஏழரைக்குள் வந்துவிடு. ஏழரை என்றதும் சனியை நினைத்துச் சிரிக்காதே. அதற்கு மேல் வந்தால் சாம்பார்தான் இருக்கும், சட்னி தீர்ந்துவிடும்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து நாற்காலி