எடைக்குப் போட்டுவிடாதே

அன்புள்ள மாப்ளே,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே சின்னவள் வேலை கிடைத்து ஈரோடு போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

உன் அப்பாவின் பட்டறைப் பெட்டியை எடைக்குப் போடப் போவதாக எழுதியிருந்தாயே, எனக்கு மனசு கேட்கவில்லை. அதிலிருக்கும் அரங்களையாவது எடுத்து வை. மழுங்கிவிட்டது என்று நாம் ஒதுக்கும் பல அரங்கள் மழுங்கியே இருக்காது, பல்லிடுக்கில் தூள் அடைத்திருக்கும், அவ்வளவுதான்.

நாம் ஐடிஐயில் படித்தபோது வாங்கிய 12 அங்குல அரம் என்னிடம் இன்னும் இருக்கிறது. அலுமினியம் ராவி ராவி வழவழவென்று ஆகியிருந்தது. ஒரு பித்தளைத் தகட்டுத் துண்டை எடுத்து, பல் ஓடும் சாய்விலேயே வைத்துத் தள்ளினேன். நாலைந்து தள்ளலில் பித்தளையின் முனை சீப்பு மாதிரி வெட்டுப்பட்டு ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கியது. அடைந்திருந்த அலுமினியம் செதில் செதிலாக வெளியே வந்து விழுந்தது. அடடா, எவ்வளவு இருந்தது தெரியுமா!

அப்புறம் வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். மழுங்கிய பல்லின் நுனி வெள்ளைக் கோடாக மினுங்கும், கூரான நுனியில் வெளிச்சம் தங்காது. நடுவில் நிறைய மினுங்கியது. பாத்திரம் கழுவும் சோப்பால் பிசுக்குப் போகக் கழுவி (பிசுக்கு இருந்தால் அமிலம் பிடிக்காது), ராத்திரி முழுக்க வினிகரில் போட்டு வைத்தேன். அமிலம் பல்லின் இரண்டு பக்கத்தையும் லேசாக அரிக்கும், உருண்டுபோன நுனி அப்படித்தான் மறுபடி கூராகிறது. உடைந்த பல் மட்டும் திரும்பாது. காலையில் கறுப்புப் படலத்தைத் தேய்த்து எடுத்து, ஆப்ப சோடாத் தண்ணீரில் முக்கி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிட்டது. உடனே எண்ணெய்த் துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணெதிரே துரு ஏறும். இப்போது இரும்பில் வைத்துத் தள்ளினால் கையைப் பிடித்து இழுக்கிறது மாப்ளே!

மரம் ராவுகிற மர அரத்துக்குப் பித்தளை உதவாது, அதன் பல் தனித்தனி முள்ளாக நிற்கும். வெந்நீரில் ஊறவைத்து பிரஷ் போடு. பிசினை எரிக்கலாம் என்று அடுப்பில் காட்டிவிடாதே, டெம்பர் இறங்கி பல்லின் கடினம் போய்விடும். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தும் வைக்காதே, ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

பொங்கல் முடிந்ததும் வருகிறேன். அப்பா மண்வெட்டிப் பிடி ராவுவாரே, அந்த அரைவட்ட மர அரம் கிடைத்தால் தனியாகத் துணியில் சுற்றி வை. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளே