சந்தா கட்டியாயிற்று, அலகு விலையைப் பார்த்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உறுப்பினர் அட்டை இருந்தால்தான் உள்ளே விடும் கிடங்குக் கடைகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பதோடு அது நின்றுவிட்டது. சரக்கறைக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள் நான், சும்மா இருக்க முடியவில்லை.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் அந்த அட்டைக்குக் கட்டும் சந்தாவில்தான் இருக்கிறது. 1976-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் சால் பிரைஸ் தொடங்கிய ‘பிரைஸ் கிளப்’ பழைய விமானக் கொட்டகை ஒன்றில் நடந்தது. முதலில் வியாபாரிகளை மட்டுமே சேர்த்தார்கள். இதே வகைக் கடைகளான காஸ்ட்கோவும் சாம்ஸ் கிளப்பும் 1983-இல் வந்தன. பெரிய சூப்பர் மார்க்கெட்டில் 30,000 வகைச் சரக்கு இருந்தால், காஸ்ட்கோ கிளையில் சுமார் 4,000தான். வகை குறைந்தால் ஒவ்வொன்றிலும் கொள்முதல் பெருகும், பேரமும் படியும். லாரியில் வந்த பேலட்டை, அதாவது சரக்கு அடுக்கிய பலகைத் தட்டை, அப்படியே கடைக்குள் நிறுத்திவிடுவதால் அடுக்கும் கூலி மிச்சம். அடக்க விலைக்கு மேல் ஏற்றும் விலை சுமார் 15 சதவீதத்தைத் தாண்டுவதில்லை என்று வைத்திருக்கிறார்கள். அதில் கடைச் செலவு போனால் என்ன மிஞ்சும்? லாபத்தின் பெரும்பகுதி நம் சந்தாதான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பிடிக்காவிட்டால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரவும் செய்கிறார்கள். ஆனால், கட்டிய காசை எடுத்தாக வேண்டுமே என்று வண்டியை நிரப்புகிறோம் பாருங்கள், அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

விலை அட்டையின் மூலையில் பொடி எழுத்தில் அலகு விலை, அதாவது ஒரு லிட்டருக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்பது, இருக்கும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதிலும் குழப்பம் உண்டு. சலவைத் திரவம் ஒன்றுக்கு லிட்டர் கணக்கு, பக்கத்தில் இருப்பதற்கு எத்தனை முறை துவைக்கலாம் என்ற கணக்கு. அடர் திரவமாக இருந்தால் லிட்டர் கணக்கு உதவாது. டாய்லெட் பேப்பர் இன்னும் மோசம்: சுருளின் எண்ணிக்கை கொட்டை எழுத்தில், ஒரு சுருளில் எத்தனை தாள் என்பது கண்ணுக்குத் தெரியாத எழுத்தில். வகுத்துப் பார்த்தால், சாதாரணக் கடையின் தள்ளுபடி நாளில் அங்கேயே மலிவாக இருப்பதும் உண்டு.

அப்புறம், கெடும் பொருள். பிளீச் ஆறு மாதம் போனாலே வீரியம் இறங்கத் தொடங்கும். பெரிய எண்ணெய் டின்னைத் திறந்துவிட்டால், தீர்வதற்குள் சிக்கு வாடை வந்துவிடும். சோப்பு, குப்பைப் பை என்றால் தாராளமாக வாங்கலாம். நானும் அக்காவும் மட்டும் இருக்கும் வீடு. எண்ணெயை எதிர்வீட்டோடு பங்கு போட்டுக்கொள்கிறோம். ஆளுக்குப் பாதி, பில்லும் பாதி.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போடும்போது மூட்டை விலையோடு அலகு விலையையும் அச்சிடுங்கள். விளம்பரப் பக்கத்தில் அதை எதிர்பார்க்க முடியாது என்று எனக்கும் தெரியும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி